நாலு கருங்காலிக் கட்டை

பிப்ரவரி 5, ஞாயிறு

ஹம் போகவில்லை.

காலையில் நண்பன் ஜெகதீசன் வந்து என் ஆம்ப்ளிஃபையரை இரண்டு மணி நேரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தான். இசைத்தட்டு பாடும்போது அது தெரியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் இருக்கும் நாலைந்து விநாடியில்தான் தெரியும். இரண்டு ஸ்பீக்கரிலும் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். தட்டுக் கேட்கக் கூடும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதற்கு ஹம் என்று பெயர். கரண்ட் லைனில் கலந்து வரும் அழுக்கு என்பான் ஜெகதீசன். கூட்டத்தில் இருக்கும் ஏழு கிழவர்களில் ஐந்து பேருக்கு இந்த வியாதி வந்து போயிருக்கிறது. எனக்குத் தை பிறந்ததிலிருந்து இருக்கிறது.

முப்பத்தாறு வருடம் ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்தவன் நான். அந்த மெஷின் இரைச்சலில் குடியிருந்தவனுக்குத்தான் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள அமைதியின் அருமை தெரியும். வசந்தாமணி கேலி செய்வாள். "ஏனுங்க, நீங்க பாட்டுக் கேக்கறீங்களா, பாட்டு இல்லாததக் கேக்கறீங்களா?"

இப்போது கேலி செய்ய ஆளில்லை. அக்டோபரில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சு இல்லை, வலது பக்கம் அசைவில்லை. ஹாலை ஒட்டிய அறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 7, செவ்வாய்

வசந்தாமணியைப் பார்த்துக்கொள்ள மரகதம் காலை எட்டு மணிக்கு வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறாள். நல்ல பெண். கிணத்துக்கடவுப் பக்கம். மீதி நேரமெல்லாம் என் பொறுப்பு.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இடது, மல்லாக்க, வலது என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும் என்பது டாக்டர் உத்தரவு. மெத்தைக்குப் பதில் ஏர்பெட். கட்டில் காலடியில் தொங்கும் சின்ன மோட்டார் அதன் குழாய்களில் மாற்றி மாற்றிக் காற்றடித்துக்கொண்டே இருக்கும். திருப்பிய நேரத்தைக் குறிக்க நானே கோடு போட்டு ஒரு சார்ட் தயாரித்துக் கட்டிலில் மாட்டியிருக்கிறேன். மில்லில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காற்றின் ஈரப்பதம் எழுதுவோமே, அதே படிவம்.

தொண்ணூற்று நாலில் அய்யாசாமி என்று ஒருவன், எட்டு மணி நேர ரீடிங்கையும் ஷிப்ட் தொடங்கும்போதே எழுதி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான். நான்தான் அவனை வீட்டுக்கு அனுப்பினேன். எழுதாமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன், நடக்காததை எழுதியவனை மன்னிக்க மாட்டேன் என்றேன். காலில் விழுந்து அழுதான். இப்போதும் அதில் எனக்கு வருத்தமில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஜெகதீசன் நாலு கருங்காலிக் கட்டை கொண்டுவந்தான். எலுமிச்சம்பழ அளவு. அடியில் பித்தளைக் குமிழ் வைத்துக் கடைந்தது.

"ஆம்ப்ளிஃபையருக்கு அடியில நாலு மூலைக்கும் வையி. கெட்டி மரம்டா. அதிர்வும் ஏறாது, கரண்ட் இரைச்சலும் ஒட்டாது. எனக்கு மொத நாளே செத்துப்போச்சு அந்த ஹம்மு."

ஊரே கருங்காலி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறது, நீ ஆம்ப்ளிஃபையருக்குப் போடுகிறாயா என்று கேட்டேன். சிரித்தான். வைத்தோம். குறைந்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 16, வியாழன்

குறையவில்லை.

மரகதம் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தைச் சுத்தம் செய்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் கல்லுப்பு இருந்ததாம்.

"இதென்னுங்க சார், கொல்லைல போயி இத்தன உப்பு? கட்டி புடிச்சுக் கெடக்குது."

வசந்தாமணி எதை எங்கே வைப்பாள், ஏன் வைப்பாள் என்று நாற்பது வருடமாக எனக்கே தெரியாது. கொட்டிவிடு என்றேன். கொட்டிவிட்டாள்.

குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. மாசியிலேயே இந்த லட்சணம்.

பிப்ரவரி 26, ஞாயிறு

இன்று முறையாகச் சோதனை செய்தேன். வீட்டில் ஓடும் ஒவ்வொன்றையும் நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஃபிரிட்ஜ், வித்தியாசமில்லை. இன்வெர்ட்டர், இல்லை. டியூப் லைட், ஃபேன், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டு அவர்கள் போர் மோட்டார், எதுவும் இல்லை.

கடைசியாக ஏர்பெட் மோட்டார். நிறுத்தியதும் ஹம் பாதியாகக் குறைந்தது. பாதி இல்லாவிட்டாலும் கால்.

ஜெகதீசன் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேட்டான். "எனக்கொண்ணும் வித்தியாசம் தெரியலடா வெள்ளிங்கிரி." அவனுக்குக் காது மங்கி நாலு வருடமாகிறது.

மார்ச் 3, வெள்ளி

இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிடம். அதுவரை மட்டும் மோட்டாரை நிறுத்தி வைத்தேன். ஏர்பெட் கொடுத்தவனே சொன்னான், கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் காற்று நிற்கும் என்று. இருபத்திரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

வயலின் தட்டு. ராகம் முடிந்து கீர்த்தனை தொடங்குமுன் அந்த இடைவெளி இன்று ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

மறுபக்கமும் கேட்டேன்.

மார்ச் 9, வியாழன்

"சார், வாசிங் மெசினத் தொட்டாச் சுள்ளுனு இழுக்குதுங்க."

ஈரக் கையோடு தொட்டால் இழுக்கத்தான் செய்யும், செருப்புப் போட்டுக்கொள் என்றேன். ஆம்ப்ளிஃபையர் உடம்பிலும் விரல் வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. ஜெகதீசனிடம் சொன்னேன். கட்டைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே தாமிரத் தகடு வைத்தால் அதையும் உறிஞ்சிவிடும் என்றான். நாளை டவுன்ஹால் பக்கம் போய் வெட்டி வாங்கி வரவேண்டும்.

வசந்தாமணிக்கு ராகிக் கூழ் ஊட்டினேன். பாதி கன்னத்து வழியாக வந்துவிட்டது. துடைக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

காலையில் மரகதம் வந்தபோது ஏர்பெட் தட்டையாகக் கிடந்தது. அம்மா இரும்புத் தகட்டில் படுத்த மாதிரி கிடக்கிறார்கள் என்றாள்.

ராத்திரி கரண்ட் போயிருக்கும் என்று சொன்னேன்.

"இன்வெர்ட்டர் இருக்குதுங்களே சார்?"

அதிலும் ஏதோ கோளாறு என்று சொன்னேன். அவள் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு வசந்தாமணியின் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

நேற்று மூன்று தட்டுக் கேட்டிருந்தேன். தாமிரத் தகடு வந்த உற்சாகம்.

மார்ச் 19, ஞாயிறு

மரகதத்துக்கு இன்று விடுமுறை. நேற்றுப் போகும்போது வாசல்படியில் நின்று சொன்னாள்: "அம்மாவுக்கு அடிமுதுகுல செவந்திருக்குதுங்க சார். கை வெச்சு அமுத்துனா வெளுக்க மாட்டேங்குது. அப்பிடியிருந்தா ஆகாதுங்க. மல்லாக்கவே போட்றாதீங்க."

பார்த்தேன். சிவப்புத்தான். உள்ளங்கை அளவு. பவுடர் போட்டேன். சார்ட்டைக் கொஞ்சம் கவனமாகப் பின்பற்ற வேண்டும்.

கூட்டம் இன்று எங்கள் வீட்டில். கட்டையும் தகடும் வைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்க நாலு பேர் வந்தார்கள். ஒரே புகழ்ச்சி. மேடை விரிந்துவிட்டது, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நிற்கிறது என்றார் ஒருவர். யாருக்கும் ஹம் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவர்கள் இருந்த மூன்று மணி நேரமும் மோட்டார் நிறுத்தியிருந்தும் கேட்டது.

மார்ச் 24, வெள்ளி

திருப்பினேன். எழுதினேன்.

மார்ச் 29, புதன்

சிவப்பு, புண்ணாகிவிட்டது. நர்ஸ் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனாள். ஓசூரிலிருந்து பிருந்தா போனில் கேட்டாள், "அப்பா, நேரத்துக்குத் திருப்பறீங்கல்ல? நான் வேணா லீவு போட்டுட்டு வரட்டா?" சார்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டம் காலி இல்லை. "சூப்பர்ப்பா" என்று பதில் போட்டாள். மகள் நிம்மதியாக இருக்கட்டும்.

உண்மையை எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை. ஆறு மணிக்கு மரகதம் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அவளைத் திரும்பக் கூப்பிடத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு வீட்டில் நானும் வசந்தாமணியும் மட்டும். அவள் 'ம்ம்ம்' என்று முனகுகிறாள். வலியா, பசியா, என்னைக் கூப்பிடுகிறாளா, ஒன்றும் புரியவில்லை. திருப்பும்போது ஒரு கண் மட்டும் என் மேலேயே நிற்கிறது. அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குப் பயம். ஹாலுக்கு வந்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டால்தான் மூச்சு வருகிறது. அங்கேயும் அதே 'ம்ம்ம்' என்றால் மனிதன் எங்கேதான் போவது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வசந்தாமணி என்னைப் பற்றி அடிக்கடி சொல்லும் பழமொழி.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஆம்ப்ளிஃபையருக்கு அடியில் வைக்கும் புது வகைப் பாதம் ஒன்றைப் பற்றி ஜெகதீசன் சொன்னான். உள்ளே காந்தம், ஒன்றையொன்று தொடாமல் மிதக்குமாம். வரவழைக்கச் சொல்லிவிட்டேன்.

மாலை ஆறரைக்கு மோட்டாரை நிறுத்தினேன். ஒன்பதரைக்குப் போட்டேன்.

சார்ட் வேலை முடிந்தது. வரும் சனிக்கிழமை வரை கவலை இல்லை.

ஏப்ரல் 5, புதன்

காய்ச்சல். நூற்றிரண்டு. அறையில் ஒரு வாடை. மரகதம் புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சார், இது உள்ள போயிருச்சுங்க சார்."

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறது.

ஏப்ரல் 6, வியாழன்

எலும்பு தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம். வீட்டில் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் வயதைக் கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருக்கலாம்.

பிருந்தா வந்துவிட்டாள்.

ஏப்ரல் 13, வியாழன்

மாலை நாலு பத்துக்கு வசந்தாமணி போய்விட்டாள்.

ஏப்ரல் 15, சனி

எழுத வேண்டும் போல இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அவளுடைய தம்பி துபாயிலிருந்து வரவேண்டியிருந்ததால் நேற்று முழுக்க ஹாலில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். ஸ்பீக்கர்களை ஓரமாக நகர்த்தி, ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கி, அந்த பாயிண்டில்தான் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தார்கள். காலையில் முதல் மாலையைப் போட வந்த என் கொழுந்தியாள் பெட்டி விளிம்பைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள். அடுத்து வந்தவருக்கும் அப்படியே. கூட்டத்தில் ஒரு கிழவி, வசந்தாவுக்கு யாரும் தொடுவது பிடிக்கவில்லை என்றாள். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

பிருந்தா எலக்ட்ரீஷியன் ஆறுச்சாமியைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர் அவர்தான். மாலையோடு வந்து, அதைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்தார். பெட்டி உடம்பில் வைத்தார். விளக்கு எரிந்தது. நேராகக் கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் மூடி. அதைத் தூக்கினார். உள்ளே ஒரு குழாய், சுற்றிலும் வெளுத்த மண். கையில் அள்ளி உதிர்த்துக் காட்டினார்.

"எர்த் குழிங்க சார். சாம்பலாட்டம் காஞ்சு கெடக்குது பாருங்க. ஈரமிருந்தாத்தானுங்க கசியற கரண்ட் மண்ணுக்கு எறங்கும். இல்லீனா வீட்ல இருக்கற இரும்புலயெல்லாம் நிக்கும், ஸ்பீக்கர்ல முனகும்."

"மழை பேஞ்சுதே..."

"மழ பேஞ்சது கார்த்திகைல. தைக்கே காஞ்சிருக்கும். யாருங்க இப்ப இதுக்குத் தண்ணி ஊத்தறது?"

அவரே சொன்னார். "அக்கா இருந்தவரைக்கும் தவறுனதில்லீங்க. வாரத்துக்கு ஒரு கொடம் தண்ணி, மாசத்துக்கு ஒருக்கா ஒரு கை கல்லுப்புன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை சொன்னனுங்க. ரோட்ல பாத்தாக்கூட, 'ஆறுச்சாமி, உன்ற குழிக்கு ஊத்திட்டேன்'ம்பாங்க. கல்லுப்பு இங்கியேதான ஒரு டப்பால வெச்சிருப்பாங்க?"

டப்பா காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் காலையில் அவள் அந்த மூடியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். மண்ணுக்கு அடியில் இருக்கிற கம்பிக்கெல்லாம் பூஜையா என்று கேட்டிருக்கிறேன். மில்லிலும் எர்த் குழி உண்டு, அதற்கும் தண்ணீர் ஊற்றுவார்கள். அது எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் வேலை.

ஆறுச்சாமி எட்டுக் குடம் ஊற்றினார். மண் குடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஜெகதீசன் வந்தான். காந்தப் பாதம் பார்சலில் வந்துவிட்டது, எப்போது மாட்டலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். திருப்பி அனுப்பிவிடு என்றேன்.

பிருந்தா அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"அம்மாவ அஞ்சாந்தேதி ஆஸ்பத்திரில சேத்தோம்."

"ஆமா."

"எட்டாந்தேதி வரைக்கும் எழுதியிருக்கு. ஏழாந்தேதி ராத்திரி எட்டு மணிக்கு, வலது பக்கம் திருப்பினேன்னு எழுதியிருக்கு."

ஒரே மையில், ஒரே சாய்வில், கீழே வரை போயிருந்தது. அய்யாசாமியின் எழுத்தும் அப்படித்தான் இருந்தது. அதை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடித்தேன்.

"எனக்கு அனுப்பின போட்டோவும் இப்பிடித்தானாப்பா?"

வயதாகிவிட்டது அம்மிணி, தூக்கித் திருப்ப உடம்பில் தெம்பில்லை என்றேன். அதுவும் உண்மைதான். அவள் அழுதாள். "சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே, கூட ஒரு ஆள் போட்டிருக்கலாமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரிந்த அளவுக்கு மன்னித்துவிட்டாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

காலையில் பிருந்தா ஓசூருக்குக் கிளம்பிப் போனாள். மரகதம் தன் டிபன் டப்பாவை வாங்கிப்போக வந்தாள். காப்பி வேண்டாம் என்றாள். போகும்போது திரும்பி நின்றாள். "கரண்ட் எல்லாம் போகலீங்க சார். எனக்கு அன்னிக்கே தெரியும். வேல போயிரும்னு வாய மூடிட்டு இருந்துட்டனுங்க." என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். அவள் கேட்டைச் சாத்திய பிறகுதான், அது அவள் பாவம் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஏர்பெட்டையும் கட்டிலையும் நாளை எடுத்துப் போகிறார்கள்.

மாலையில் ஸ்பீக்கர்களைப் பழைய இடத்தில் வைத்து ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். தட்டு வைக்கவில்லை. சத்தத்தை முழுக்க ஏற்றிக் காதை ஒட்டி வைத்தேன். ஹம் இல்லை.

தாமிரத் தகட்டை உருவினேன். இல்லை. கருங்காலிக் கட்டை நாலையும் எடுத்துவிட்டு வெறும் மேஜையில் வைத்தேன். இல்லை.

சோதனை என்றால் கடைசி வரை செய்ய வேண்டும், அதுதான் என் தொழில். அறைக்குப் போய் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். ஏர்பெட் மெல்ல எழுந்தது. ஒரு வரிசை ஏற, ஒரு வரிசை இறங்க, ஆளில்லாமல் அது பாட்டுக்கு வேலை செய்தது. ஹாலுக்கு வந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். இல்லை. திரும்பப் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கேட்டேன், போட்டுவிட்டு வந்து கேட்டேன். ஆறு தடவை. போட்டாலும் நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஜெகதீசன் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட அமைதி முழுசாக வந்திருந்தது. என்னால் அதில் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. எழுந்து போய் மறுபடி மோட்டாரைப் போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மரகதத்தின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

ஊர் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று பிருந்தா போன் செய்தாள்.

"சாப்டீங்களாப்பா? அதென்ன சத்தம், கொரகொரன்னு?"

"அம்மாவோட மோட்டாரு."

"அது எதுக்குப்பா இப்ப ஓடுது?"

சொன்னேன். சாயங்காலம் சாயங்காலம் அதை நிறுத்தி வைத்ததை, எவ்வளவு நேரம் என்பதை, எதற்காக என்பதை, முதல் நாளிலிருந்து தேதி வாரியாகச் சொன்னேன். இந்த நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒரு நாளைக்கூட விடவில்லை.

அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

கொல்லைக்குப் போய்க் குழிக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு வந்தேன். மோட்டாரை இன்னும் நிறுத்தவில்லை.